பப் வாசலில் எழுதிய பெயர் யாருடையது?

கேள்வி: இங்கிலாந்தில் என் மகள் குடியிருக்கும் சிற்றூரில் ஒரு பப். வெளியே '1460 முதல்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே 1760-இல் தொடங்கி லேண்ட்லார்ட்களின், அதாவது பப்பை நடத்தியவர்களின், பெயர்ப் பலகை. நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: பலகையை ஓரளவு நம்பலாம், வெளியே எழுதிய ஆண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். கட்டடம் எழுந்த ஆண்டு, அங்கே பீர் விற்கத் தொடங்கிய ஆண்டு, இப்போதைய பெயர் வந்த ஆண்டு மூன்றும் வேறு வேறு. எது பழையதோ அதுதான் சுவரில் ஏறும். நாட்டிங்ஹாமின் 'யீ ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்' சுவரில் 1189 என்று இருக்கிறது. இன்று நிற்கும் கட்டடமோ 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

உங்கள் பலகை 1760-இல் தொடங்குவது நல்ல அறிகுறி. ஏல்ஹவுஸ் (அந்தக் கால பீர்க் கடை) நடத்த மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1552-லேயே வந்துவிட்டாலும், லைசென்ஸ் பெற்றவர்களுக்குப் பதிவேடு வைக்கச் சொன்னது 1753-ஆம் ஆண்டுச் சட்டம்தான். பல பலகைகள் அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம்.

கேள்வி: பட்டியலை நாமே சரிபார்க்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியும். இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முன்னிருந்து வந்தால் அதே பெயருள்ள வேறு பப்புக்குள் நுழைந்துவிடுவீர்கள். ஒரே ஊரில் இரண்டு 'ரெட் லயன்' இருப்பது சாதாரணம். 1753 முதல் 1828 வரையிலான பதிவேடுகள் அந்தந்தக் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அவற்றில் ஆள் பெயரும் ஊரும் இருக்கும், பப்பின் பெயர் பல இடங்களில் இருக்காது. அங்கேதான் ஊகம் உள்ளே வரும்.

அடுத்து 1830. அந்த ஆண்டின் சட்டப்படி வரி கட்டும் எவரும் இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பணம்) கொடுத்து, தன் வீட்டிலேயே பீர் விற்கும் உரிமை வாங்கலாம்; மாஜிஸ்திரேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த பீர்ஹவுஸ்கள் 1869 வரை மாஜிஸ்திரேட் பதிவுகளில் வரவே வராது. பட்டியலில் இந்தக் காலத்தில் ஓட்டை விழுந்தால், பப் மூடிக் கிடந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பிகாட், கெல்லி வணிக டைரக்டரிகளில் 'பீர் ரீட்டெய்லர்' என்ற தலைப்பின் கீழ்ப் பெயரைத் தேடுங்கள். டைரக்டரி அச்சாகி வருவதற்குள் ஆள் மாறியிருக்கலாம்; ஓராண்டு முன்பின் விட்டுக் கணக்கிடுங்கள்.

சென்சஸில் ஒரு நல்ல வழி உண்டு. 1851 முதல் ஒவ்வொருவரின் பிறந்த ஊரும் பதிவாகியிருக்கும். லேண்ட்லார்டின் மூத்த பிள்ளை வயது 6, பிறந்தது வெளியூர். கடைக்குட்டி வயது 2, பிறந்தது இங்கே. குடும்பம் இடைப்பட்ட நாலு வருடத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. 1841 சென்சஸில் மட்டும் வயதை நம்பாதீர்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்தே எழுதினார்கள். 1931 சென்சஸ் தீயில் போயிற்று, 1941-இல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1939-இல் எடுத்த தேசிய மக்கள் பதிவேடு உதவும்.

கேள்வி: லேண்ட்லார்ட் என்றால் சொந்தக்காரர்தானே? பிறகு ஏன் நாலைந்து வருடத்துக்கு ஒருவர் மாறுகிறார்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெயர்தான் லேண்ட்லார்ட், பலர் குத்தகைக்காரர்கள். கட்டடம் மது ஆலைக்குச் சொந்தம். அவர்கள் அந்த ஆலையின் பீரைத்தான் வாங்க வேண்டும். வாடகை போதாதென்று பீர் விலையிலும் ஆலை ஒரு பங்கு எடுக்கும். அதற்கு 'வெட் ரென்ட்' என்று பெயர். வியாபாரம் சரிந்தால் இரண்டு பக்கமும் இறுக்கும், ஆள் கிளம்பிவிடுவார். 1989-இல் அரசு 2,000 பப்புக்கு மேல் வைத்திருந்த ஆலைகளை, அதற்கு மேற்பட்டவற்றில் பாதியை இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கச் சொன்னது. அதன் பிறகு பல பப்புகள் சொத்து நிறுவனங்களின் கைக்குப் போயின. குத்தகைக்காரர் நிலை பெரிதாக மாறியதாகச் சொல்ல முடியாது.

கை மாறும் நாளில் இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் வருவார்கள். நாற்காலி, கண்ணாடி, அடுப்பு என்று எண்ணிவிட்டு நிலவறைக்கு இறங்கி, திறந்த பீப்பாய்க்குள் அளவுகோலை விட்டு மிச்சம் எத்தனை காலன் என்று பார்ப்பார்கள். ஃபர்கின் என்ற சிறிய பீப்பாய் என்றால் 9 காலன், ஏறத்தாழ 41 லிட்டர். அத்தனைக்கும் புதியவர் பணம் கட்டினால்தான் சாவி.

கேள்வி: பட்டியலில் நடுவே பெண் பெயர்கள் வருகின்றனவே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் விதவைகள். கணவர் இறந்ததும் லைசென்ஸ் மனைவி பெயருக்கு மாறும். ஆனால் அதற்கு முன்பும் பல இடங்களில் கடையைப் பார்த்துக்கொண்டவர் அவரேதான்: காகிதத்தில் கணவர் பெயர், அவருக்குக் கொல்லர் வேலையோ தச்சு வேலையோ தனியாக இருக்கும். லைசென்ஸ்காரரின் பெயரை வாசல் நிலைக்கு மேலே எழுத வேண்டும் என்ற விதி 2005 நவம்பரில் புதிய சட்டம் வந்தபோது போய்விட்டது. அதற்கு முன் எடுத்த வாசல் புகைப்படம் கிடைத்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: 'யீ ஓல்ட்' என்பது பழைய ஆங்கிலமா?
– வாசகர், சேலம்

பதில்: அந்த 'யீ' வெறும் 'தி'தான். 'த்' ஒலிக்கு இருந்த பழைய எழுத்து கையெழுத்தில் 'ஒய்' போல ஆகிவிட்டது. பலகையில் 'யீ ஓல்ட்' இருந்தால் பெயர் பிற்காலத்தில் வைத்தது என்று சந்தேகப்படுங்கள்.