கருத்துக் கேட்பில் பேசியது குறிப்பில் இல்லையா?

குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஏரி மதகைப் பற்றிப் பேசியும் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை என்கிறீர்கள். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டம் முழுவதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீடியோ எடுக்க வேண்டும். அதுதான் உங்கள் சாட்சி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடைசியில் குறிப்பை வாசித்துக் காட்டுவதும் விதிதான். எங்கள் ஊரில் அந்த நேரம் பாதிப் பேர் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றோம்!

வீடியோ வரும்வரை சும்மா இருக்காதீர்கள். குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் அப்புறம் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குதான், செலவு. பேசியதை இன்றே எழுதி, அந்த அனுமதியைத் தரும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மதகின் போட்டோ, ஏரியின் சர்வே எண் இரண்டையும் மறக்காமல் சேருங்கள்.