மேசைக்கு அடக்கமான கம்ப்யூட்டர்: மலிவு மதர்போர்டு எதை எடுப்பது?

கேள்வி: வீட்டில் இடம் குறைவு. டிவி அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கிறேன். மகள் பி.காம். படிக்கிறாள், டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு அவளுக்கு. எனக்கு யூடியூப், எப்போதாவது போனில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டுவது. கேம் கிடையாது. மானிட்டர் இருக்கிறது. கடையில் கேட்டால், "சின்னதா வேணும்னா மினி ஐடிஎக்ஸ் போர்டுதான் சார்" என்கிறார்கள். விலை சாதாரண போர்டைப் போல இரண்டு மடங்கு வருகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மினி ஐடிஎக்ஸ் நல்ல போர்டுதான். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

முதலில் அளவு. மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 செ.மீ.க்கு 17 செ.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற சாதாரண வகை அதிகபட்சம் 24.4-க்கு 24.4. காதால் கேட்டால் பெரிய வித்தியாசம். ஆனால் மலிவு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் அந்த முழு அளவில் வருவதே குறைவு. செலவை மிச்சம் பிடிக்க நிறுவனங்கள் போர்டையே குறுக்கிவிடுகின்றன. ஏ520 (ஏஎம்டி பிராசசருக்கு), எச்610 (இன்டெலுக்கு) வகைகளில் பல போர்டுகள் 20 செ.மீ. அகலத்தைச் சுற்றியே இருக்கும். ஆக, இரட்டை விலை கொடுத்து நீங்கள் மிச்சப்படுத்தப்போவது ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் ஐந்தாறு சென்டிமீட்டர்.

கூடுதல் செலவு போர்டோடு நிற்பதும் இல்லை. குட்டி ஐடிஎக்ஸ் கேபினெட் பலவற்றுக்கு எஸ்எஃப்எக்ஸ் எனும் சின்ன அளவு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வேண்டும். அதே வாட்டுக்குச் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைவிட அது விலை கூடுதல். சில கேபினெட்டில் பிராசசரோடு வரும் ஃபேன் உயரம் இடிக்கும், அதற்கும் தனியாகச் செலவு. பெரிய கிராபிக்ஸ் கார்டைச் சின்னப் பெட்டிக்குள் அடக்க நினைப்பவருக்கு இதெல்லாம் நியாயம். டேலி போடுகிறவருக்கு இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது ஸ்லிம் கேபினெட். வங்கி கவுன்டர்களில் மானிட்டருக்கு அடியில் படுத்துக்கிடக்குமே, அந்த வகை. தடிமன் 10 செ.மீ. அளவில்தான் இருக்கும், மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு உள்ளே உட்கார்ந்துவிடும். பல ஸ்லிம் கேபினெட்டுகள் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்ந்தே வருகின்றன. அது என்ன அளவு, பழுதானால் தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். அலமாரித் தட்டின் பின்பக்கம் அடைத்திருந்தால் சூடான காற்று வெளியேற ஒரு வழி செய்துகொள்ளுங்கள்.

இப்போது போர்டு. அதை முதலில் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்கிற தவறு. பிராசசரை முடிவு செய்யுங்கள், போர்டு தானாக இரண்டு மூன்றுக்குள் சுருங்கிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு போடப்போவதில்லை என்பதால் படம் காட்டும் வசதி பிராசசருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி எடுக்கலாம்: ஆறு கோர், 65 வாட், ஃபேனும் பெட்டியிலேயே வரும். அதே வரிசையின் 5500, 5600 இரண்டிலும் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் ஐ3-12100 போதும். எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். 'எஃப்' வகை விலை குறைவு என்று ஆசைப்பட்டு வாங்கி, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை என்று எழுதும் வாசகர்கள் இந்தப் பகுதிக்குப் புதியவர்கள் அல்ல.

5600ஜிக்கு ஏ520 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) உள்ள போர்டு எடுங்கள். "இன்னும் கொஞ்சம் போட்டால் பி550 வரும், ஸ்பீடு ஜாஸ்தி" என்று கடையில் சொல்வார்கள். பி550-இன் முக்கியமான கவர்ச்சி பிசிஐஇ 4.0, அதாவது கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றுக்குத் தரவு போகும் பாதையின் வேகமான தலைமுறை. 5600ஜி பிராசசரோ 3.0 வரைதான் பேசும். போர்டில் 4.0 என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு 3.0தான் ஓடும். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். ஐ3-12100 என்றால் எச்610 போதும். அதிலும் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0தான், எக்செல் திறக்கிற வேகத்தில் அது தெரியப்போவதில்லை. எச்610 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகையிலும் வருகின்றன, பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு உரிய ரேம் மற்றதில் நுழையாது. வீட்டில் பழைய டெஸ்க்டாப்பின் டிடிஆர்4 ரேம் சும்மா கிடந்தால் டிடிஆர்4 போர்டே எடுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியபிறகு இது சின்ன மிச்சம் இல்லை.

ரேம் விஷயத்தில் ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன். இந்த போர்டுகளில் பெரும்பாலும் இரண்டே ரேம் ஸ்லாட். 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8, 8 என இரண்டாக வாங்குங்கள். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. ரேமில்தான் பங்கு கேட்கும். ஒரு குச்சி இருந்தால் ஒற்றை வழிப் பாதை, இரண்டு இருந்தால் இரட்டைப் பாதை. வீடியோ எடிட்டிங்கில் இது கண்ணுக்கே தெரியும்.

அட்டைப் பெட்டியில் எழுதாத ஒரு விஷயமும் உண்டு. குறுக்கப்பட்ட போர்டுகளில் ஆறு ஸ்க்ரூ ஓட்டைதான் இருக்கும். ரேமும் 24 பின் பவர் கனெக்டரும் இருக்கும் ஓரத்தில் ஸ்க்ரூவே கிடையாது, அந்தப் பக்கம் அந்தரத்தில் தொங்கும். அங்கே பவர் கேபிளை அழுத்திச் செருகினால் போர்டு வில்லாக வளைகிறது. கேபினெட்டுக்குள் வைக்கும் முன்பே ரேமை மாட்டிவிடுங்கள். கேபிள் செருகும்போது ஒரு விரலைப் போர்டின் ஓரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் செருகுங்கள்.

அப்புறம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். ஏ520 வந்தது 2020-இல், 5600ஜி வந்தது 2021-இல். கடையில் நாள்பட்ட ஸ்டாக்காக இருந்தால் போர்டுக்கு அந்தப் பிராசசரையே தெரியாமல் போகலாம். போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்து, பவர் ஸ்விட்ச்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டால் ஃபேன் சுற்றும், திரையில் பயாஸ் வரும். பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை. மறுக்கிற கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் மூன்றாம் தலைமுறை ஐ5, 'புத்தம் புது' எச்61 போர்டு, 8 ஜிபி ரேம் மூன்றும் சேர்த்து ஆறாயிரத்துக்குள் தருகிறார்கள். போர்டு கையடக்கம். எம்.2 ஸ்லாட்கூட இருக்கிறது. எடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

பதில்: போர்டு புதிதாகச் செய்ததாகவே இருக்கலாம். ஆனால் எச்61 சிப்செட் 2011-ஆம் ஆண்டுச் சரக்கு. இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெலுக்கானது. கூட வரும் பிராசசர் நிச்சயம் ஏதோ ஓர் அலுவலகத்தில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு வந்தது.

விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். ஏறும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. எம்.2 ஸ்லாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சிப்செட்டின் பாதை பிசிஐஇ 2.0, நீங்கள் போடும் எஸ்எஸ்டியின் வேகம் பாதிகூட வெளியே வராது. பெயர் தெரியாத போர்டாக இருந்தால் பயாஸ் அப்டேட் எங்கே கிடைக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

லினக்ஸ் போட்டு நிரல் எழுதிப் பழக, மளிகைக் கடை பில் போட என்றால் ஓடும், குறை சொல்ல மாட்டேன். விண்டோஸ்தான் வேண்டும் என்றால், பணம் கொஞ்சம் சேர்த்து டெல், எச்பி, லெனோவோவின் பழைய அலுவலக மினி டெஸ்க்டாப் தேடுங்கள். எட்டாம் தலைமுறை ஐ5, புத்தகம் அளவு பெட்டி. அதே தெருவில்தான் அதுவும் விற்கிறது. போர்டு தனியாக வாங்கும் வேலையே இல்லை.

கேள்வி: ஏஎஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 என்று போர்டும் பெட்டியும் சேர்ந்தே வருகிறதே, அது லாபமா?
– வாசகி, கோவை

பதில்: இருக்கிற இடத்தைப் பொறுத்தது. 15.5-க்கு 15.5-க்கு 8 செ.மீ., இரண்டு லிட்டருக்கும் குறைவான பெட்டி. 120 வாட் அடாப்டர் கூடவே வரும், எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்க வேண்டாம். 5600ஜி போடலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. ரேம் லேப்டாப் வகை. உங்கள் பழைய டெஸ்க்டாப் ரேம் பயன்படாது. அப்புறம், பெட்டிக்குள் 46 மி.மீ. உயர ஃபேன்தான் கொள்ளும், 5600ஜியோடு வரும் ஃபேனோ 54 மி.மீ. அளவு. தாழ்வான ஃபேன் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. இது சம்மதம் என்றால் அழகான பெட்டி.

கேள்வி: எச்610 போர்டு வாங்கி, கடைக்காரரே அசெம்பிள் செய்து கொடுத்தார். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் டிஸ்ப்ளே வரவில்லை. கடையிலேயே பிராசசரைக் கழற்றி, போர்டை மட்டும் சர்வீஸுக்கு அனுப்பினார்கள். "சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரும் கையை விரிக்கிறார். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி வழக்கு இருக்கிறது. இந்த வகை இன்டெல் போர்டுகளில் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. மொத்தம் 1700, தலைமுடி போல மெல்லியவை. பிராசசர் உட்கார்ந்து மேலே தகடு பூட்டியபின் அவை தானாக வளைய வழியில்லை. இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. அப்படியானால் பெரும்பாலும் கழற்றும்போதோ அனுப்பும்போதோதான் வளைந்திருக்க வேண்டும், அப்போது போர்டு உங்கள் கையில் இல்லை. சாக்கெட் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத்தான் அனுப்பினார்களா என்று கேளுங்கள். மூடி இல்லாமல் வரும் போர்டை சர்வீஸ் மையங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

சர்வீஸ் மையத்தின் மறுப்பைப் புகைப்படத்தோடு எழுத்தில் வாங்குங்கள். கடைக்கு வாய்வார்த்தையாக இல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதெல்லாம் உங்களிடம் பில் இருந்தால் சுலபம். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சொன்னதைக் கேட்டிருந்தீர்கள் என்றால் நிரூபிப்பது சிரமம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: பில்லில் போர்டின் சீரியல் எண் இருக்கட்டும். கவுன்டரிலேயே பெட்டியைத் திறந்து, மூடியை எடுத்து, போன் லைட்டைச் சாய்வாகப் பிடித்து சாக்கெட்டைப் படம் எடுங்கள். நல்ல பின்கள் வரிசை பிசகாமல் ஒரே மாதிரி மின்னும். வளைந்த பின் தனியாகப் பளிச்சிடும் அல்லது அந்த இடம் கறுத்துத் தெரியும்.

கேள்வி: புது எச்610 போர்டை 4கே டிவியில் இணைத்தால் மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்கிறது. போர்டு பழுதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. மலிவு போர்டுகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ 1.4தான் இருக்கிறது, அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் காட்டும். அம்பு இழுப்பது அதனால்தான். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1080பி-க்கு மாற்றினால் 60 கிடைக்கும். போர்டில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால், 4கே 60 என்று எழுதிய ஆக்டிவ் வகை எச்டிஎம்ஐ மாற்றி (அடாப்டர்) வாங்கி அதில் இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: மலிவு போர்டில் வைஃபை இல்லை. வைஃபை உள்ள போர்டுக்குக் கூடுதலாகப் பணம் போடலாமா, யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் போதுமா?
– வாசகி, சேலம்

பதில்: ரூட்டர் அதே அறையில் என்றால் ஒரு லேன் கேபிள் போதும், இரண்டும் வேண்டாம். இல்லாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் டாங்கிள் வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுவதாக இருந்தால் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகாதீர்கள், அதன் இரைச்சல் அந்த அலைவரிசையில் குறுக்கிடும். கறுப்பு யுஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு கேபினெட்டின் தகரத்தை விட்டு ஓரடி தள்ளி வையுங்கள்.