ரூஃப் திறக்காத கார், கேரளா ஒர்க்ஷாப்: நாரோயில்லயே கேஸ் போடலாமா?

தக்கலையிலருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கன்வெர்ட்டிபிள் கார், பட்டன அமுக்குனா துணி ரூஃப் தானா மடிஞ்சு பின்னால போகணும், போகல. திருவனந்தபுரத்துல ஒரு ஒர்க்ஷாப்ல விட்டிருக்காரு, ஹைட்ராலிக் பம்ப் மோட்டார் போயிட்டுன்னு புதுசு மாட்டி 1,68,000 ரூபா வாங்கியிருக்காங்க, வீட்டுக்கு வந்து பத்தொன்பதாவது நாள் மழைக்குப் பிறகு மறுபடி அசையல. கேட்டா "தண்ணி எறங்கியிருக்கு, எங்க தப்பு இல்ல, வண்டிய கெட்டி இழுத்துட்டு வாங்க, இன்னொரு மோட்டார் போடணும்"ங்காங்களாம். கேஸ் போடணும்னா கேரளாவுக்கு அலையணுமா, பைசா திரும்பக் கிடைக்குமான்னு கேக்காரு.

தம்பி, அலைய வேண்டாம். பழைய 1986 சட்டத்துல எதிர்த்தரப்பு இருக்க எடத்துலயோ பிரச்சன நடந்த எடத்துலயோ தான் போடணும்னு இருந்தது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34வது பிரிவுல நீங்க குடியிருக்க மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம்னு மாத்திட்டாங்க, அதனால நாரோயில்ல இருக்க நம்ம கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், கேரள எல்லை களியக்காவிளை தாண்டி வர வேண்டியது அவங்க தான். நீங்க குடுத்த தொக 5 லட்சத்துக்குள்ள இருக்கதால கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்ல. பிரச்சன வந்த நாளிலருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுரணும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு உறுதி பண்ணுங்க. இந்த மாதிரி நெறைய வண்டியில டிக்கிக்குள்ள ஒரு தட்டோ திரையோ இருக்கும், மடிஞ்ச ரூஃப் வந்து உக்கார எடத்த சாமான்லருந்து பிரிக்கதுக்கு. அது சரியா எறக்கி மாட்டலன்னா ரூஃப் திறக்கவே திறக்காது, அது கோளாறு இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. டிக்கி முழுசா அடையலன்னாலும், பேட்டரி டவுணா இருந்தாலும் இதே கததான். எதிர்த்தரப்பு வக்கீல் மொத கேள்வியே இதுவாத்தான் இருக்கும். அதனால எஞ்சின ஓட விட்டு, தட்டு மாட்டியிருக்கத காட்டி, பட்டன அமுக்கி, நிறுத்தாம ஒரே வீடியோவா எடுங்க. மோட்டார் சத்தமே இல்லன்னா ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், இல்ல மோட்டாரே போயிருக்கலாம், சத்தம் கேட்டும் அசையலன்னா ஆயில் கொறஞ்சிருக்கலாம் இல்ல ஹைட்ராலிக் லைன்ல கோளாறு. ரெண்டும் வேற வேற, வீடியோவுல சத்தம் தெளிவா கேக்கணும்.

இப்ப உங்க கேஸோட உயிர் எங்க இருக்குன்னு சொல்லுதேன். நீங்க அனுப்புன மூணாவது போட்டோவுல பின் சீட்டுக்குப் பின்னால கார்பெட் ஊறிப் போயி கெடக்கு, ஓரத்துல புளிய இல பொடிப் பொடியா ஒட்டியிருக்கு. ரூஃப் ஓரத்துல விழுற தண்ணி கீழ போறதுக்கு சின்ன வடிகால் ஓட்ட உண்டு, புளிய இலயும் மண்ணும் சேந்து அது அடஞ்சா தண்ணி உள்ள தங்கும், பம்ப் தாழ்வான எடத்துல இருந்தா நேரா அதுல தான் போய் நிக்கும். ஒர்க்ஷாப்பு சொல்லுத காரணம் சரியாவே இருக்கலாம். ஆனா அவங்க மொத ஜாப் கார்டுலயே (வேலைக்கு விடும்போது ஒர்க்ஷாப் எழுதுற சீட்டு) "பம்ப் பக்கம் ஈரம்"னு எழுதி வச்சிருக்காங்களே தம்பி! ஈரத்த பாத்தவங்க அது எங்கருந்து வருதுன்னு பாக்கல, பில்லுல வடிகால் சுத்தம் பண்ணதா ஒரு வரி கூட இல்ல, ஈரம் நிக்க எடத்துலயே புது மோட்டார வச்சு அனுப்பியிருக்காங்க. இத தான் சட்டம் சேவைக் குறைபாடுன்னு சொல்லுது, 2(11)வது பிரிவு. மரத்தடியில போட்டது உங்க கவனக்குறைவுன்னு அவங்க வாதாடுவாங்க, அதுல கொஞ்சம் நியாயம் இருக்கதால தொக கொறயவும் வாய்ப்பு உண்டு, அத மறைக்க விரும்பல.

அதனால பக்கத்து மெக்கானிக் "நான் பாக்கேன்"னு வந்தாலும் இப்ப பிரிக்க விடாதீங்க. பிரிச்சா அவன் தான் கெடுத்தான்னு பழி திரும்பிரும். ஆணையத்துல மனு போட்டு ஒரு நிபுணர வச்சு பரிசோதிக்க கேக்கலாம், அவரு பாக்கது வர வண்டி அப்படியே இருக்கணும். ஆனா மரத்தடியிலருந்து மாத்தி கூரைக்குக் கீழ விடுங்க.

ரெண்டு கல்யாண போட்டோ ஷூட்டுக்கு பைசா வாங்கி வண்டி குடுத்ததா எழுதியிருக்கீங்க. வணிக நோக்கம்னா நுகர்வோர் இல்லன்னு அவங்க கெளப்புவாங்க. முக்கிய நோக்கம் என்னன்னு தான் பாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2019ல சொல்லியிருக்கு, சொந்த உபயோகம் தான் பிரதானம்னா சமாளிக்கலாம். ஆனா சத்தியப் பிரமாணத்துல பொய் எழுதாதீங்க, அத நான் கையெழுத்துக்கு வைக்க மாட்டேன். வெள்ள போர்டு வண்டிய இனி வாடகைக்கும் விடாதீங்க, பெர்மிட் இல்லாம அது வேற ஒரு கேஸ்.

மொதல்ல 15 நாள் டைம் குடுத்து ஸ்பீடு போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்புங்க. வடிகால் சரி பண்ணி இலவசமா மோட்டார் மாத்தணும், இல்லன்னா 1,68,000 திருப்பணும்னு ரெண்டயும் கேளுங்க, கழட்டுன பழைய மோட்டாரயும் கேளுங்க. பதில் வரலன்னா நுகர்வோர் ஆணையங்களோட இ-ஜாக்ரிதி இணைய தளத்துலயே புகார் பதியலாம், சந்தேகத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல கூப்பிடலாம். வாட்ஸ்அப் மெசேஜ அழிச்சிராதீங்க, அத தாக்கல் பண்ண புது 2023 பாரதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவுல மின்னணு ஆவணத்துக்கான சர்டிஃபிகேட் வேணும். பரிசோதன உள்ள கேஸ 5 மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில அதுக்கும் மேல இழுக்கும், மனச தயார் பண்ணிக்கோங்க.

ஜாப் கார்டோட ரெண்டு பக்கத்தயும் தெளிவா போட்டோ எடுத்து அனுப்புங்க, பின்பக்கம் பொடி எழுத்துல வாரண்டி பத்தி என்ன போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு நோட்டீஸ் எழுதுவோம். அந்த கார்பெட்டயும் வெயில்ல காயப் போடுறதுக்கு முன்னாடி, இல ஒட்டியிருக்க எடத்த கிட்டத்துலருந்து இன்னும் நாலு போட்டோ எடுத்துருங்க.