மச்சான் கொண்டுவரும் குழல்

அன்பின் சேர்,

அக்கரைப்பற்றில் இருந்து எழுதுகிறேன். கனடாவில், கல்கரியில் இருக்கும் என் மச்சான் டிசம்பரில் ஊருக்கு வருகிறார். அவர் வருடா வருடம் வேட்டைக்குப் போகிறவர். தான் பாவிக்கிற மாதிரி ஸ்பொட்டிங் ஸ்கோப் ஒன்றை, தூரத்தில் நிற்பதைப் பெரிதாக்கிக் காட்டும் குழலை, எனக்கும் வாங்கி வருவதாகச் சொல்கிறார். 80 மில்லிமீற்றர், 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும். "வாங்கிறதெண்டா பெரிசா வாங்கு" என்பது அவர் கட்சி. எனக்குச் சாகாமம் குளத்தில் பறவை பார்க்க வேணும். வயல் வட்டைப் பக்கம் இறங்கும் யானையைத் தூரத்திலேயே கண்டுகொள்ள வேணும். வருடத்தில் ஒருமுறை குமணைப் பூங்காவுக்கும் போவேன். மோட்டார் சைக்கிள்தான் என் வாகனம். நீங்கள் இதைப் பல வருடம் தூக்கித் திரிகிறவர். எந்த அளவு சரி?

ர.

அன்பின் தம்பி,

65 போதும். ஏன் என்று சொல்கிறேன், மச்சானோடு வாதாட உதவும்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் மலைச் செம்மறிக் கடாவைச் சுடுவதென்றால் அதன் கொம்பு போதிய அளவு வளைந்திருக்க வேண்டும். கொம்பின் அடியிலிருந்து நுனிக்கு ஒரு நேர்கோடு போட்டால் அது கண்ணின் முன்விளிம்பைத் தாண்ட வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் கடாவுக்கு அந்தக் கோட்டை மனதில் போட்டுப் பார்க்க நல்ல குழல் வேண்டும்தான். துவக்கில் பூட்டிய ஸ்கோப்பால் தேடவும் கூடாது, பார்க்கிற பக்கமெல்லாம் துவக்கின் வாயும் திரும்பும். ஆனால் அங்கேயும் நாட்கணக்கில் மலை ஏறுகிறவர்கள் பலர் 60, 65தான் கொண்டுபோகிறார்கள். 80, 85 எல்லாம் வாகனத்தை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று பார்ப்பவர்களுக்குத் தோது. மச்சான் எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள். (சிரித்தால் விடை தெரிந்துவிடும்.)

இனிக் கணக்கு. 80 என்பது முன்கண்ணாடியின் விட்டம். பரப்பளவில் அது 65ஐ விட ஒன்றரை மடங்கு, அவ்வளவு வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகும். ஆனால் கண்ணுக்கு வந்து சேர்வது வேறு கணக்கு. குழலை வெளிச்சமான பக்கம் திருப்பிவைத்து, ஒரு முழம் பின்னால் நின்று கண் வைக்கும் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் தெரியும். கண்ணுக்கு வரும் வெளிச்சம் அதுதான். விட்டத்தை மடங்கால் வகுத்தால் அந்த வட்டத்தின் அளவு. 80ஐ 60 மடங்குக்கு இழுத்தால் வட்டம் 1.3 மில்லிமீற்றர். 65ஐ 20 மடங்கில் வைத்தால் 3.25. பொழுதுபடும் நேரத்தில் நம் கண்மணி 5 மில்லிமீற்றர் வரை விரிந்து வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும். அந்த நேரம் 60 மடங்குக்கு இழுத்தால் பெரிய யானை தெரியும், ஆனால் கறுப்பாகத் தெரியும். கொம்பனா, கொம்பில்லாத அலியனா என்று சொல்ல முடியாது. 20க்கு இறக்கினால் சொல்லலாம். பரணில் இருப்பவனுக்குத் தேவை அதுதானே.

60 மடங்கை நம் ஊரில் பாவிக்கக் கிடைக்கும் நேரமே குறைவு. கச்சான் காற்று வீசும் ஒரு ஆடி மாதக் காலை, பத்து மணியளவில், உன்னிச்சைக் குளக்கட்டில் நின்று எதிர்க்கரையில் நின்ற நாரைக் கூட்டத்தை முழு மடங்கில் பார்த்தேன். கால்கள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தன, அவை நின்றதோ காய்ந்த சேற்றில். வெயில் ஏறினால் தரையிலிருந்து எழும் சூடு காற்றை ஆட்டும், குழல் அந்த ஆட்டத்தையும் சேர்த்துப் பெருப்பிக்கும். எவ்வளவு விலைக் கண்ணாடியும் இதற்குப் பதில் சொல்லாது. 25க்கு இறக்கினேன், கால்கள் நேரானது. விடியற்காலை ஏழு மணிக்குள் மட்டும் 45, 50 எடுபடும்.

பாரம் இன்னொன்று. 80 என்றால் குழல் மட்டும் ஒன்றரை, இரண்டு கிலோ. அதை ஆடாமல் தாங்கும் முக்காலி இன்னும் இரண்டு கிலோ. மச்சானுக்குக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், சின்னக் குழலில் மிஞ்சும் காசை நல்ல முக்காலியில் போடட்டும். மெலிந்த கமரா ஸ்டாண்டில் ஏற்றினால் 80உம் ஒன்றுதான், 50உம் ஒன்றுதான்.

குமணையில் அந்த முக்காலிக்கும் வேலையில்லை. பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்க விடமாட்டார்கள். சின்னத் துணிப்பையில் நெல் நிரப்பி ஜீப்பின் ஜன்னல் விளிம்பில் போட்டு, அதன்மேல் குழலை அழுத்தி வையுங்கள். டிரைவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம், இல்லையென்றால் குளமும் மரமும் சேர்ந்து நடுங்கும். 80 இந்த இடுக்குக்குள் அடங்காது.

நீங்கள் கேட்காத ஒன்று. என்னிடம் முன்பு 80 இருந்தது. ஒரு பாலத்தடியில் அதை விரித்துவைத்து ஆலாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சீருடைக்காரர் இருவர் வந்தனர். அரை மணிநேரம் அவர்களுக்குப் பறவைப் பாடம் எடுத்தேன், கடைசியில் ஒருவர் கண் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நம் ஊரில் முக்காலியில் நிற்கும் பெரிய குழல் தூரத்துக்கு வேறு எதுவாகவோ தெரிகிறது. 65 ஒரு புத்தகப் பைக்குள் அடங்கும்.

கண் வைக்கும் பக்கம் சாய்ந்த வகையையே கேளுங்கள். வாகனத்துக்குள்ளிருந்து பார்க்க நேரானது சுகம் என்பது உண்மை. ஆனால் குளக்கட்டில் நீங்கள் பார்த்த கையோடு உங்கள் பிள்ளையும் பார்க்க வேண்டும். சாய்ந்ததென்றால் முக்காலியைத் தாழ்த்தி வைத்து நீங்கள் குனிந்து பார்க்கலாம், பிள்ளை நிமிர்ந்து நின்றே பார்க்கும்.

அந்த 80 எங்கே என்கிறீர்களா? ஒரு மார்கழி மழை முழுக்கப் பைக்குள் பூட்டி அலுமாரியில் வைத்தேன். தைக்குப் பிறகு எடுத்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம். ஈரம் உள்ளே போகாதபடி நைதரசன் நிரப்பி அடைத்ததா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வாங்கியதை இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், தோல் உறையில் வேண்டாம்.

மச்சான் பிடிவாதக்காரர் என்றால், 80ஐயே கொண்டுவரட்டும். டிசம்பரில் மழை விட்ட ஒரு காலையில் சாகாமத்துக்கு நானும் என் 65ஓடு வருகிறேன். இரண்டையும் குளக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். திரும்பும்போது 80ஐ அவரே தூக்கி வரட்டும்.