கொழும்பு வேலையா, வீட்டிலிருந்தே டொலரா? அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் களுவாஞ்சிகுடி. கல்லடியில் விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தேன். இப்போது வீட்டிலிருந்தே கனடா ஸ்டூடியோ ஒன்றுக்கு 2டி அனிமேஷனில் கிளீன்-அப் (கரட்டுக் கோடுகளைச் சுத்தமாக வரைவது), இன்பிட்வீன் (முக்கியப் படங்களுக்கு இடைப்பட்ட படங்களை வரைவது) வேலை செய்கிறேன். திரையில் ஓடும் ஒரு விநாடிக்கு 10 அமெரிக்க டொலர். கடந்த 12 மாதத்தில் 4,400 டொலர் கிடைத்தது. டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 13,20,000 ரூபாய். ஆனால் அதில் மூன்று மாதம் ஒரு சதமும் வரவில்லை. காசு லண்டனில் இருக்கும் அத்தானின் பேபால் கணக்குக்குப் போய், அவர் எனக்கு அனுப்புவார். இப்போது கொழும்பில் ஒரு ஸ்டூடியோ ஸ்டோரிபோர்ட் (காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து திட்டமிடுவது) உதவியாளர் வேலை தருகிறது, சம்பளம் 1,20,000 ரூபாய். அம்மாவோ, "நகையை அடகு வைத்து 9 இலட்சத்துக்கு நல்ல கணினியும் திரையில் வரையும் டிஸ்ப்ளேயும் வாங்கித் தருகிறேன், ஊரிலேயே இரு" என்கிறார். தம்பி சென்னையில் உள்ள ஒரு யூடியூப் சேனலுக்குக் குழந்தைக் கதை எழுதுகிறான், கதைக்கு 6,000 ரூபாய். அதே கதை தெலுங்கிலும் மலையாளத்திலும் வருகிறது, அதற்கு எதுவும் தருவதில்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். கொழும்பு வேலையை எடுங்கள், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நகை. அடகு பெரும்பாலும் ஒரு வருடத் தவணையில்தான் இருக்கும். தவணை வந்தால் வட்டி கட்டியாவது புதுப்பிக்க வேண்டும், தவறினால் ஏலம். மாரி வேளாண்மைக்கு வாங்கிய கடனென்றால் அறுவடை முடிந்ததும் அடைக்கலாம் என்று ஓரளவு நாள் குறிக்கலாம். ஸ்டூடியோவின் அடுத்த தொடருக்கு எப்போது அனுமதி கிடைக்கும் என்று உங்களுக்கு வேலை தருபவரே சொல்ல மாட்டார். ஏற்கெனவே மூன்று மாதம் வெறுங்கையாக இருந்திருக்கிறீர்கள். அந்த மூன்று மாதமும் அடகுத் தவணையும் ஒன்றாக வந்து நின்றால், அம்மா உங்களுக்கென்று சேர்த்து வைத்தது போய்விடும்.

இந்தத் தொழிலில் வேலை விட்டு விட்டுத்தான் வரும். அது உங்கள் திறமைக் குறைவு இல்லை. 2024 மே மாதம் அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்ஸார் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேரை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில் படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் நொடித்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் சில நாட்களுக்குள் வேலையை இழந்தார்கள். அவ்வளவு பெரிய இடங்களிலேயே நிலைமை இப்படி என்றால், துண்டு வேலை செய்பவர் நிலையான கடனைத் தலையில் வைத்துக்கொள்ளவே கூடாது.

சரி, உங்கள் டொலரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு விநாடிக்கு 24 சட்டகம், அதாவது ஃபிரேம். இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று வைத்தாலும் 12 படம் வரைய வேண்டும். படத்துக்குக் கால் மணித்தியாலம் என்றால் மூன்று மணித்தியாலம். ரீடேக் (திருத்தி மறுபடி வரைவது) வந்தால் இன்னும் ஒரு மணித்தியாலம். நான்கு மணித்தியாலத்துக்கு 10 டொலர், அதாவது மணித்தியாலத்துக்கு 750 ரூபாய். 440 விநாடி செய்ய 1,760 மணித்தியாலம். வேலை இருந்த ஒன்பது மாதத்தில் மாதம் ஏறத்தாழ 196 மணித்தியாலம் குனிந்திருந்திருக்கிறீர்கள். அந்த உழைப்புக்கு, வேலை இல்லாத மூன்று மாதத்தையும் சேர்த்தால், மாதச் சராசரி 1,10,000 ரூபாய். அதில் இணையம், மின்சாரம், திருத்தச் செலவு என்று 15,000 போகும். வீட்டுக்கு 35,000, உங்கள் கைச்செலவுக்கு 20,000 என்று வைத்தால் 40,000 மிஞ்சும். இது சராசரிதான், ஒவ்வொரு மாதமும் கையில் இருக்கும் காசு இல்லை.

இப்போது கொழும்பு. 1,20,000 இல் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், 9,600 ரூபாய், கழியும். கையில் வருவது 1,10,400. அறை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் 55,000, அம்மாவுக்கு 25,000 என்றால் 30,400 மிஞ்சும். கையில் ஏறத்தாழ 10,000 குறைவு, உண்மைதான். ஆனால் முதலாளி 12 சதவீதம், அதாவது 14,400 ரூபாய், சேமலாப நிதியில் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம், 3,600 ரூபாய். உங்கள் 9,600 ஐயும் சேர்த்தால் மாதம் 27,600, வருடத்துக்கு 3,31,200 ரூபாய் உங்கள் பெயரில் சேர்கிறது. வீட்டில் இருந்து வரைந்த காலத்தில் இப்படி ஒரு சதமும் சேரவில்லை.

காசுக் கணக்கு இப்படிக் கிட்டத்தட்டச் சமம்தான். அதற்கு மேல் நான் பார்ப்பது வேலையின் படிநிலையை. கிளீன்-அப், இன்பிட்வீன் இரண்டும் இந்தத் தொழிலின் முதல் படி. மென்பொருள் முதலில் கைவைப்பதும் அங்கேதான். ஸ்டோரிபோர்ட் வேறு. எங்கே கமெரா நிற்க வேண்டும், எந்த இடத்தில் பார்ப்பவர் சிரிக்க வேண்டும், எந்தக் காட்சியை வெட்ட வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலை அது. அங்கிருந்துதான் இயக்கம், கதை மேற்பார்வை போன்ற இடங்களுக்குப் போவார்கள். விநாடிக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு வீட்டில் தனியாக இருந்து இதைக் கற்பது மிகக் கடினம். பக்கத்தில் ஒருவர் இருந்து, "இந்த ஷொட் எதற்கு?" என்று கேட்க வேண்டும். சம்பளமும் தந்து அதைச் சொல்லியும் தர ஓர் இடம் கூப்பிடும்போது போகாமல் விடுவதுதான் பெரிய நட்டம். வயதும் உங்கள் பக்கம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நல்ல ஷோரீல் (செய்த வேலைகளின் மாதிரி வீடியோ) ஒன்றோடு களுவாஞ்சிகுடிக்கே திரும்பி வந்தால், அப்போது நீங்கள் கேட்கும் விலை வேறாக இருக்கும். திரும்புவதற்கு முன் ஆறு மாதச் செலவுக் காசு கணக்கில் இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

கணினிக்கு வருவோம். ஸ்டூடியோவில் வேலை செய்ய அவர்களே இயந்திரம் தருவார்கள். அப்புறம் எதற்கு 9 இலட்சம்? வீட்டில் பழகத் கணினியில் இணைத்து வரையும், திரையில்லாத சாதாரண டேப்லெட்டும் இப்போதைய கணினியும் போதும். பிளெண்டர், கிரிட்டா, ஓபன்டூன்ஸ் என்ற மூன்று மென்பொருளும் இலவசம். 2025 இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் வாங்கிய லத்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில்தான் செய்யப்பட்டது. விலை கூடிய கருவி வாங்க ஆசை வருவது இயல்பு, அதுவும் நல்ல கை உள்ளவருக்கு இன்னும் கூடவே வரும். அதை உங்கள் சேமிப்பிலிருந்து வாங்குங்கள்.

அத்தானின் கணக்கில் காசு வாங்குவதை இந்த மாதமே நிறுத்துங்கள். அவர் நல்லவர்தான், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் உழைப்பு அவர் பெயரில் பதிகிறது. நாளைக்கு நீங்கள் வங்கிக் கடன் கேட்டாலோ விசாவுக்கு விண்ணப்பித்தாலோ வருமானத்துக்கு ஆதாரம் இல்லை. அவரிடம் பிரித்தானிய வரி அதிகாரிகள் "இது என்ன வருமானம்?" என்று கேட்டால் அவரும் மாட்டிக்கொள்வார். உங்கள் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாகவோ நேரடி வங்கி மாற்றாகவோ அனுப்பச் சொல்லி ஸ்டூடியோவிடம் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் இன்வொய்ஸ் எழுதி அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். இப்படி வெளிநாட்டுக்குச் சேவை செய்து வரும் வருமானத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி உண்டு, உச்சம் 15 சதவீதம். அந்தச் சலுகை வீதம் கிடைக்கக் காசு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். அத்தான் கணக்கை விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனிநபர் விடுவிப்பு இருப்பதால் உங்கள் 13,20,000 க்கு வரி வராது. கொழும்புச் சம்பளம் வருடத்துக்கு 14,40,000. அதற்கு மேல் வெளி வேலையில் 3,60,000 வரை உழைத்தாலும் வரி இல்லை. ஆனால் வெளி வேலை செய்யப் புதிய முதலாளி விடுவாரா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கனடாக்காரரோடு தொடர்ந்தால், ஒரு ஷொட்டுக்கு இரண்டு ரீடேக் மட்டும் விலைக்குள், மூன்றாவதுக்குத் தனிக் காசு என்று பேசுங்கள். எல்லையில்லாத ரீடேக் உங்கள் 750 ரூபாயைச் சத்தமில்லாமல் 500 ஆக்கிவிடும்.

தம்பியின் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் அவனுக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் கேட்டுச் செய்வித்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், செய்வித்தவருக்கே. சேனல் இந்தியாவில் இருப்பதால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். ஒப்பந்தமே இல்லாமல் வட்ஸ்அப்பில் பேசி எழுதுகிறான் என்றுதான் நினைக்கிறேன். உலகம் முழுக்க அனிமேஷன் எழுத்தாளர்களுக்கு இந்தக் குறை உண்டு. அமெரிக்காவில் 1952 இல் தொடங்கிய அனிமேஷன் தொழிற்சங்கத்தின் ஒப்பந்தத்தில்கூட மறுஒளிபரப்புப் பங்கு எழுதியவர் கைக்கு வருவதில்லை, உறுப்பினர்களின் மருத்துவ, ஓய்வூதிய நிதிக்குத்தான் போகிறது. ஆகவே வருமானத்தில் பங்கு கேட்டுச் சண்டை பிடிப்பதை விட, சேனல் கொடுக்கக்கூடியதைக் கேட்கட்டும்: ஒவ்வொரு மொழிக்கும் மூலக் கட்டணத்தில் கால் பங்கு, அதாவது 1,500 ரூபாய், கூடவே வீடியோவில் அவன் பெயர். பழைய கதைகளை விட்டுவிட்டு அடுத்த கதையிலிருந்து கேட்டால் பேச்சு சுலபம். பெயர் வந்தால் அடுத்த இடத்தில் காட்ட ஒன்று கையில் இருக்கும். மாட்டோம் என்றால் தன்னுடைய நல்ல கதைகளை அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கட்டும். அதில் ஒன்றை நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நிமிட அனிமேட்டிக்காக (ஸ்டோரிபோர்ட் படங்களை ஒலியோடு ஓடவிடும் வரைவு வீடியோ) செய்யுங்கள். உங்களுக்கு ஸ்டோரிபோர்ட் மாதிரி, அவனுக்கு எழுத்து மாதிரி, உரிமை இருவருக்கும்.

கொழும்புக்கு பஸ் ஏறும் முன் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பதவிப் பெயர் ஸ்டோரிபோர்ட் உதவியாளர் என்றே இருக்கிறதா, 1,20,000 முழுவதும் சேமலாப நிதிக் கணக்குக்கு உட்பட்ட சம்பளமா, அல்லது பாதியைக் கொடுப்பனவு என்று பிரித்து அதற்கு நிதி கட்டாமல் விடுகிறார்களா, தகுதிகாண் காலம் எவ்வளவு என்று பாருங்கள். கிளீன்-அப் வேலைக்கே வேறு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் போக வேண்டாம், அப்போது மறுபடியும் எழுதுங்கள், வீட்டிலிருந்தே செய்வதற்கான கணக்கைப் போட்டுத் தருகிறேன்.