டிஜிட்டல் படம்: முன்பதிவு செய்யலாமா, பொறுத்திருக்கலாமா?

கேள்வி: இணையக் கடையில் இன்னும் வெளியாகாத படத்தை வாங்க முன்பதிவு செய்தால் பணம் உடனே போய்விடுமா?

பதில்: ஆப்பிளின் இணையக் கடையில் போகாது. படம் கைக்கு வரும் நாளில்தான் பணம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் ரத்து செய்துகொள்ளலாம்.

கேள்வி: அப்படியென்றால் முன்பதிவில் என்னதான் லாபம்?

பதில்: என்னைக் கேட்டால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. டிவிடி என்றால் தீர்ந்துபோகும் என்ற பயமாவது உண்டு. டிஜிட்டல் படம் எப்படித் தீரும்?

ஒரு காலத்தில் லாபம் இருந்தது. 2006 செப்டம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் படம் விற்கத் தொடங்கியபோது, முன்பதிவு செய்தாலோ முதல் வாரத்தில் வாங்கினாலோ புதுப் படம் 12.99 டாலர். அதன் பிறகு 14.99. முந்திக்கொண்டவருக்குத் தள்ளுபடி! இப்போது தலைகீழ். வந்த புதிதில்தான் விலை உச்சத்தில் இருக்கும், நாள் ஆக ஆக இறங்கும். 'முன்பதிவுக்குப் பிறகு விலை குறைந்தால் குறைந்த விலையே எடுப்போம்' என்று சில கடைகள் உறுதி தருகின்றன. நல்லதுதான். ஆனால் அந்த உறுதி வெளியாகும் நாளோடு முடிந்துவிடும். விலை இறங்குவதோ பெரும்பாலும் அதற்கப்புறம்.

கேள்வி: தியேட்டரில் ஓடும்போதே வீட்டுக்கு வரும் படத்துக்கு வாடகையே இவ்வளவு ஏன்?

பதில்: 2020 ஏப்ரலில், தியேட்டர்கள் மூடிக் கிடந்த நேரம், யுனிவர்சல் நிறுவனம் 'ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர்' படத்தை 48 மணி நேர வாடகைக்கு விட்டது. வாடகை 19.99 டாலர். செப்டம்பரில் டிஸ்னி, தன் ஓடிடி தளமான டிஸ்னி பிளஸ் சந்தாவுக்கு மேல் 29.99 டாலர் வாங்கிக்கொண்டு 'முலான்' படத்தைக் காட்டியது. ஒரு குடும்பமே சேர்ந்து பார்க்கும் என்று வைத்துப் போடும் விலை இது. நாலு பேர் உட்கார்ந்தால் டிக்கெட்டைவிட மலிவு, தனியாகப் பார்ப்பவருக்கு நஷ்டம். ஸ்டுடியோவுக்கு இன்னொரு ஆசையும் உண்டு: டிக்கெட் வசூலில் பெரிய பங்கு தியேட்டருக்குப் போய்விடும், டிஜிட்டலில் ஸ்டுடியோவின் பங்கு கூடுதல். அதே ஆண்டு ஜூலையில், 17 நாள் தியேட்டரில் ஓடினாலே வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று யுனிவர்சலும் அமெரிக்காவின் பெரிய தியேட்டர் நிறுவனமான ஏஎம்சியும் ஒப்பந்தம் போட்டது சும்மா இல்லை.

கேள்வி: ஹெச்டி வாங்கினேன். அதைவிடத் துல்லியமான 4கே வேண்டுமென்றால் மறுபடி பணமா?

பதில்: கடையைப் பொறுத்தது. ஆப்பிள் 2017-ல் 4கே கொண்டுவந்தபோது ஹெச்டி விலைக்கே கொடுத்தது. ஏற்கெனவே வாங்கிய ஹெச்டி படங்களுக்கும், 4கே வந்திருந்தால், இலவசமாகவே மாற்றித் தந்தது.

கேள்வி: முழு விலை கொடுத்தால் படம் என்னுடையதுதானே?

பதில்: இல்லை. கிடைப்பது பார்க்கும் உரிமம் மட்டும். மறுவிற்பனை கிடையாது, கடையின் உரிமை போனால் படமும் போகலாம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, நிரந்தரமாகத் தரவிறக்க முடியாத படத்தை விற்கும் கடை இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டிவிடி விலையோடு ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த அன்றே பார்த்தாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். தொடங்க வழக்கமாக 30 நாள் தருவார்கள். பிளே பொத்தானை அழுத்திய பிறகுதான் 48 மணி நேரம் ஓடத் தொடங்கும்.