ஷேக் வேஷத்தில் ஒரு வேல்ஸ்காரர்

கே: சின்ன வயதில் பாளையங்கோட்டையில் ஸ்கூலில் திரை கட்டி ‘பென்ஹர்’ காட்டினார்கள். அதில் வெள்ளைக் குதிரைகளைக் கொஞ்சுவாரே ஒரு ஷேக், அவர் நிஜ அரபியா?
(வாசகர், மேலப்பாளையம்)

ப: அரபியும் இல்லை, ஒன்றும் இல்லை அண்ணாச்சி. அவர் ஹியூ கிரிஃபித், வேல்ஸ்காரர், 1912ல் ஆங்கிள்சி தீவில் பிறந்தவர். பேங்க் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு லண்டனில் நடிப்புப் படித்துத் தலையெடுக்கிற நேரம் பார்த்து யுத்தம் வந்துவிட, பட்டாளத்தில் இந்தியா, பர்மா என்று சில வருஷம் ஓடிப்போனது. நம்ம ஊர் வெயில் அவருக்குப் புதுசு இல்லை!

கூடாரத்துக்குள் நாலு குதிரையும் வந்து நிற்க, பெற்ற பிள்ளைகளைத் தூங்க அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கொஞ்சி அனுப்புவார் பாருங்கள், அதற்கே ஆஸ்கர் கொடுக்கலாம். கொடுத்தும்விட்டார்கள், சிறந்த துணை நடிகர் என்று. படத்துக்குக் கிடைத்த 11ல் அதுவும் ஒன்று. முகத்தில் அப்பிய கறுப்புச் சாயம்தான் இன்றைக்குப் பார்த்தால் உறுத்துகிறது. அப்புறம் 1963ல் ‘டாம் ஜோன்ஸ்’, அதில் குடிகாரப் பண்ணையார். மறுபடி ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். 1980ல் காலமானார். சரி, அந்தப் பண்ணையாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.